கழித்தல் பதினொரு கிலோ

சென்ற ஆண்டு தை மாதத்தில் நெல்லியடியில் முருகப்பெருமானின் விலை கிலோ நாற்பத்தைந்து ரூபா. பிள்ளையாருக்கும் அதே விலை, மடுத் தேவாலயத்து மாதாவுக்கும் அதே விலை. இலட்சுமிக்கு மட்டும் இரண்டு ரூபா குறைத்துக் கேட்டார்கள். அவள் மினுங்கல் தாளில் அச்சாகியிருந்தாள், மினுங்கல் தாளைக் காகித ஆலைக்காரர் விரும்புவதில்லை. அன்றைக்கு அதே சந்தையில் நீர்வேலி இதரை வாழைப்பழம் கிலோ நூற்றியிருபது, சின்ன வெங்காயம் நானூறு. கடவுள் வெங்காயத்தைவிட மலிவாகப் போகிறாரே என்று யாரும் முறையிடவில்லை. விலையில் ஒரு பிரச்சினையும் இல்லை, நிறுவையில்தான் வந்தது. ஒரு வங்கியின் முன்வாசலில், அரசாங்க முத்திரை குத்திய தராசில், கயிறு போட்டுக் கட்டிய முதலாவது கட்டுச் சாமிக் கலண்டரை வைத்தபோது தராசு கழித்தல் பதினொரு கிலோ என்று காட்டியது.

வங்கியின் பெயரைச் சொல்வதற்கில்லை; பெயரை உச்சரித்தாலும் சேவைக்கட்டணம் அறவிடுகிற காலம் இது. தலைமையகம் கொழும்பில், கிளைகள் தீவெங்கும் என்று தெரிந்தால் போதும். சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் பெரியவர்கள் ஏதோ ஒரு குளிர்தேசத்து மாநாட்டுக்குப் போய் வந்தார்கள், வந்ததும் அவர்களுக்குப் பசுமையில் நாட்டம் உண்டாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளையும் காலாண்டுக்கு ஒருமுறை இரண்டு எண்களை அனுப்பவேண்டும்: எத்தனை கிலோ கழிவு உண்டாயிற்று, அதில் எத்தனை கிலோ மீள்சுழற்சிக்குப் போயிற்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்துத் தலைமையகக் கணினி கிளைகளை வரிசைப்படுத்தும். முதலில் வரும் கிளைக்கு ஒரு வெண்கல இலை கொடுப்பார்கள். தொடர்ந்து மூன்று காலாண்டு கடைசியில் நிற்கும் கிளையின் முகாமையாளரைப் பயிற்சி என்ற பெயரில் மூன்று ஆண்டுகளுக்குத் தீவின் மறுகோடியிலுள்ள மொனராகலைக்கு அனுப்புவார்கள்.

நெல்லியடிக் கிளையில் கழிவு என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு பக்கம் அச்சான தாள்களின் மறுபக்கத்தில் காவலாளியின் பிள்ளைகள் கணக்குச் செய்தார்கள். வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைக் காசாளர் மக்டலீன் நல்லெண்ணெய் நிரப்பவென்று பருத்தித்துறைக்குக் கொண்டுபோனார். பிஸ்கற் ரின்களுக்கு முறை வைத்திருந்தார்கள். முறை தவறி ஒருவர் எடுத்ததால் இரண்டு அலுவலர்கள் ஒரு வருசம் கதைக்காமல் இருந்ததும் உண்டு. தேயிலைச் சக்கை பின்வளவுக் கறிவேப்பிலைக்கு, மிச்சச் சோறு அடுத்த வளவு மாட்டுக்கு. பழுதாய்ப்போன கணினியின் பெட்டிக்குள் யாரோ ஒருவரின் கோழி அடைகிடந்தது. காகிதம் கிழிக்கும் இயந்திரத்திலிருந்து நூல்நூலாக விழுவதைக்கூட நீர்வேலித் தோட்டக்காரர் ஒருவர் வாழைக்குலைக்கு மெத்தையிட என்று உரப்பையில் அள்ளிக்கொண்டு போவார். நன்றிக்கு ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டுப் போவார், அந்தப் பழத்தின் தோலும் மாட்டுக்கே. ஆகவே கழிவு பூச்சியம். கழிவு இல்லாதபடியால் மீள்சுழற்சியும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் என்ன வரும் என்று கிளை முகாமையாளர் நிரோஜினி தன் கணவர் கேதீஸ்வரனைக் கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். "வரையறை இல்லை" என்றார், சோற்றைக் குழைத்தபடி. தலைமையகக் கணினியின் கருத்தும் அதுவே. வரையறை இல்லாததை அது பட்டியலின் அடியில் போட்டது.

இரண்டு காலாண்டுகள் நெல்லியடி கடைசியில் நின்றது. குப்பையே போடாத கிளைக்குக் குப்பையில் கடைசி இடமா என்று நிரோஜினி எழுதிக் கேட்டதற்கு, 'தங்கள் கரிசனைக்கு நன்றி' என்று பதில் வந்தது. கரவெட்டியில் பதினொரு வருசமாகக் கட்டிய வீட்டுக்கு அப்போதுதான் ஓடு போட்டு முடிந்திருந்தது. மகள் தர்சிகாவுக்கு அடுத்த வருசம் உயர்தரப் பரீட்சை. "அம்மா, நீங்கள் மொனராகலைக்குப் போனால் நான் அப்பான்ரை சமையலிலை சோதினை எழுத ஏலாது, இப்பவே சொல்லிப்போட்டன்" என்று பிள்ளை சொன்னதில் பகிடி பாதிதான் இருந்தது. இன்னும் ஒரு காலாண்டு. நிரோஜினிக்குக் குப்பை வேண்டியிருந்தது.

முதலில் அலுவலர்களைக் கூட்டி, இனிமேல் எல்லோரும் எதையாவது எறியவேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்கென்று தலைமையகம் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பெரிய வாளிகளை மூடியோடு அனுப்பியிருந்தது. ஒரு கிழமைக்குள் வாளிகளைக் காணவில்லை. ஒன்றில் தவிடும் ஒன்றில் அரிசியும் இருப்பதாகப் பிற்பாடு தெரியவந்தது, மூன்றாவது யாரோ ஒருவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தண்ணீர் நிரப்பப் போயிருந்தது. பிறகுதான் அவர் சம்சுதீனைப் பிடித்தார். சம்சுதீன் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருக்காரர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவார்கள். பழைய இரும்பும் பழைய பேப்பரும் வாங்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் லொறியோடு நெல்லியடிக்கு வருவார். வாங்குவதைத் தவிர வேறு எதையும் அந்த லொறியில் யாரும் கண்டதில்லை.

"நானா, எனக்குக் கொஞ்சம் குப்பை வேணும்" என்றார் நிரோஜினி.

"என்ன மாதிரிக் குப்பை, தங்கச்சி?"

"பேப்பர்தான். ஒரு நூறு கிலோ. நீங்கள் எனக்கு வித்துப்போட்டு, பிறகு நீங்களே என்னட்டை வாங்கவேணும்."

சம்சுதீன் லொறியின் சில்லில் சாய்ந்து நின்று யோசித்தார். "விக்கிறது கிலோ எழுபது. வாங்கிறது நாப்பத்தைஞ்சு."

"ஒரே பேப்பர், ஒரே லொறி. இறக்கக்கூட இல்லையே, நானா!"

"உங்கட பாங்கிலை நான் காசு போட்டால் ஒரு வட்டி, கடனெடுத்தால் இன்னொரு வட்டி. அதுவும் ஒரே காசுதான். நான் ஒரு நாளாவது ஏதும் கேட்டனானோ?"

கேட்டதில்லைதான். ஆனால் குப்பை கொள்வனவு செய்ய வங்கியில் நிதி ஒதுக்கீடு இல்லாதபடியால் வியாபாரம் படியவில்லை. அன்று பின்னேரம் வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டபோது நிரோஜினியின் கையில் ஒரு கட்டுப் பழைய கலண்டர் அகப்பட்டது. பன்னிரண்டு வருச முருகன்கள். யாழ்ப்பாணத்தில் எதையும் எறியாதவர்கள் எறிய விரும்பியும் எறிய முடியாத ஒரே பொருள் அதுதான். வருசம் முடிந்த சாமிக் கலண்டரைக் குப்பையில் போட்டால் யாராவது மிதிப்பார்கள். எரித்தால் மனம் கேளாது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எறியலாம் என்றால் வேலும் மயிலும் மிச்சத்தில் நிற்கும். கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்திவைத்தவர்களும் உண்டு, அந்தக் கோயில்காரர் இங்கே கலண்டர் சாத்தவேண்டாம் என்று பலகை வைத்துவிட்டார்கள். அந்தப் பலகையிலும் ஒரு பிள்ளையார் இருந்தபடியால் பலகையையும் எறிய முடியவில்லை.

மறுநாள் கிளையின் வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது: பழைய சாமிக் கலண்டர்கள் பொறுப்பேற்கப்படும். ஓய்வூதிய நாளில்கூட அப்படிச் சனம் வந்ததில்லை. சைக்கிளில், ஓட்டோவில், தலைச்சுமையாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக் கொடுத்துவிட்டு, கடன் தீர்ந்தவர்கள்போல வெறுங்கையை வீசிக்கொண்டு போனார்கள். அல்வாயிலிருந்து வந்த முதியவர் ஒருவர்தான், இவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆலையில் கூழாக்கிப் புதுத் தாளாக்குவார்கள், அந்தத் தாளில் அடுத்த வருசக் கலண்டர் அச்சாகும் என்று நிரோஜினி பயந்து பயந்து சொன்னார். "மறுபிறப்புத்தானே பிள்ளை, அதை ஏன் இழுத்து இழுத்துச் சொல்லுறாய்?" என்றார் அவர். அதன்பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மக்டலீன் தன் பங்குக்கு ஒரு பை நிறைய மடுமாதாக்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இனித் தராசு. கழித்தல் பதினொன்றைக் கண்டதும் சம்சுதீன் தராசைத் தட்டினார், துடைத்தார், ஒரு இரும்புத் துண்டை வைத்துப் பார்த்தார். இரும்பு இரும்பின் நிறைதான் நிறுத்தது. இரண்டாவது கட்டு கழித்தல் ஒன்பது. தலையில் எதுவும் இல்லாமல் நின்ற கூலியாள் மூன்றாவது கட்டைத் தலையில் வைத்ததும் செருப்பை விட்டுச் சற்று எழும்பினான். நிறுவை அதிகாரி வந்து படிக்கல் வைத்துச் சோதித்து, தராசில் பிழையில்லை என்று புது முத்திரை குத்திவிட்டு, வீட்டிலிருந்த தன் கலண்டர்களையும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாக் கலண்டரும் அப்படியில்லை என்பதும் தெரியவந்தது. வெளிநாடு போனவர்களின் பூட்டிக் கிடந்த வீடுகளில் யாரும் பாராமல் தொங்கிய முருகன்கள் வெறும் காகித நிறைதான் இருந்தார்கள். வங்கித் தலைவரின் படம் போட்ட கலண்டர் காகிதத்தின் நிறையைவிட இரண்டு மடங்கு நிறுத்தது. இதற்குக் காரணம் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நிலைத்தது சம்சுதீனின் மனைவி நஜ்முன்னிஸா சொன்னதுதான்: வருசம் முழுக்க வீட்டிலுள்ள எல்லோருடைய பாரத்தையும் தூக்கினவை, தூக்கித் தூக்கிப் பழகிவிட்டன.

நிறுவை ஒருபக்கம் இருக்க, கொடுக்கல் வாங்கல் முடியவேண்டுமே. கழித்தல் பதினொன்றை நாற்பத்தைந்தால் பெருக்கிச் சம்சுதீன் கைப்பேசியை நீட்டினார்.

"கழித்தல் நானூற்றித் தொண்ணூற்றைஞ்சு. அப்ப நீங்கதான் எனக்குத் தரவேணும், தங்கச்சி."

"சாமானையும் தந்து காசும் தாறதோ?"

"கழித்தல் சாமானுக்குக் கழித்தல் காசு. கணக்குப் படிச்சது நீங்க."

"அப்ப கொண்டு போகாதேங்கோ. கொண்டு போகாட்டில் உங்களுக்குத்தான் நட்டம்."

"எனக்கென்ன நட்டம்?"

"கழித்தல் நட்டம்!"

சம்சுதீன் கைப்பேசியில் அதே கணக்கை இரண்டாம் தரம் போட்டுப் பார்த்தார். நாற்பது வருச வியாபாரத்தில் அது முதல் தடவை. "ரெண்டு பேரும் உள்ளை வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று மக்டலீன் கூப்பிட்டார். தேநீரோடு கணக்கு முடிந்தது: யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, லொறிக்கூலிக்கு நூற்றுக்கு இரண்டு கட்டு சம்சுதீனுக்கு. கலண்டர்களை ஏற்றியதும் லொறி வீதிக்கு ஒரு சாண் மேலே நின்றது. தெற்கே ஆலை வரைக்கும் டீசல் செலவில்லாமல் போய், ஆலைக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியபடியால், டீசல் செலவில்லாமல் திரும்பி வந்தது. கட்டுகளை வங்கியின் மேல்மாடிக் கூட்ட அறையில் வைத்தார்கள். முகட்டில் போய் முட்டாமல் யன்னல் கம்பிகளோடு தும்புக்கயிற்றால் கட்டவேண்டியிருந்தது.

கணினிக் கட்டத்தில் நிரோஜினி கழிவு கழித்தல் முந்நூற்று நாற்பது கிலோ, மீள்சுழற்சிக்கு ஒப்படைத்தது கழித்தல் முந்நூற்று நாற்பது கிலோ என்று எழுதினார். கழித்தலைக் கழித்தலால் வகுத்தால் கூட்டல் என்று கேதீஸ்வரன் உறுதிப்படுத்தியிருந்தார்; கணினியும் மறுக்கவில்லை. நூற்றுக்கு நூறு. தீவிலேயே முதலிடம். வெண்கல இலை வந்தது. அது வந்த பெட்டியை மக்டலீன் கொண்டுபோனார். தலைமையகத்தில் யாரோ எண்களைக் கூட்டிப் பார்த்ததில், நெல்லியடியின் கழித்தல் மற்றக் கிளைகளின் கூட்டலைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான். இருபது கிலோ கழித்தல் கைமாற்றாகத் தருவீர்களா என்று குருநாகலிலிருந்து தொலைபேசி வந்தது. கண்டிக் கிளை ஒரு குளிரூட்டியை அனுப்பிவிட்டுக் கேட்டது. குடாநாட்டின் மற்றப் பக்கங்களிலிருந்தும் சனம் கலண்டரோடு வந்தபடியால் கையிருப்புக்குக் குறைவில்லை. சம்சுதீன் தரகராக நின்று பேசி, தரகைக் கட்டுகளாகவே வாங்கி லொறியில் போட்டார். வைகாசியில் அவர் டீசல் பங்கீட்டு அட்டையை மச்சானுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

ஆனால் கட்டிடம் எழும்பிவிட்டது. சித்திரையில் வாசற்படி நாலு விரல் உயர்ந்தபோது வீதி தாழ்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தார்கள். வைகாசியில் மேசன் ஒரு படி கட்டினார், ஆனியில் இன்னொன்று. கீழே நிழலில் நாய்கள் படுத்தன. எறும்பு ஏற வழியில்லாதபடியால் சீனிப் போத்தலை மூடவேண்டியிருக்கவில்லை. இதை எல்லோரும் ஒரு வசதியாகவே கண்டார்கள். ஆடியில் சோளகம் வீசியபோது கிளை மெல்லத் திரும்பி, முன்வாசல் மீன்சந்தையைப் பார்த்தபடி நின்றது. ஒரு கிழமை மீன்காரர் மட்டும் வைப்பிலிட்டார்கள். நெல்லியடிச் சனம் இதற்கெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒருவர் ஆவணியில் வருவதாகக் கடிதம் வந்தது: தலைமையகத்தின் பசுமை அதிகாரி கோபிசங்கர், கழித்தல் கிலோக்களை நேரில் நிறுத்துப் பார்த்து உறுதி செய்ய வருகிறார்.

கலண்டர்களை அப்புறப்படுத்த முடியாது. அவற்றைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். கட்டிடத்தையும் அப்படியே விடமுடியாது. நிலத்தில் படாத கட்டிடம் காப்புறுதிக்காரரின் பத்திரத்தில் கட்டிடமே அல்ல. அது எழுத்தில் போனால் கிளையை மூடுவார்கள், நிரோஜினிக்கு மொனராகலை நிச்சயம். ஆகவே அதிகாரி வருகிற நாள் விடியற்காலையிலிருந்து பாரம் ஏற்றினார்கள். சீமெந்து மூட்டை, கருங்கல், சம்சுதீன் நாள்வாடகைக்குக் கொடுத்த பழைய லொறி எஞ்சின், பின்வளவுக் கொட்டிலில் கிடந்த வங்கித் தலைவரின் கலண்டர் எல்லாம் ஏறின. தலைவர் ஏறியபோது மட்டும் கட்டிடம் இரண்டு விரல் இறங்கியது. அதற்குமேல் தலைவர் கையிருப்பில் இல்லை. ஒன்பதரைக்கு நாய்கள் இன்னும் கீழேதான் படுத்திருந்தன.

அன்று கணவரோடு லொறியில் வந்திருந்த நஜ்முன்னிஸா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்து நின்றார். "உந்தப் பாரம் காணாது" என்றார் கடைசியில். கைப்பையைத் திறந்து ஒரு நாட்காட்டியை எடுத்தார். உள்ளங்கை அகலம், கிழிக்கிற தாள், தொண்ணூறாம் ஆண்டு. மேலே தெரிந்த தாள் ஒக்ரோபர் முப்பது, செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானம் துவக்கோடு வந்த இயக்கத்தார், முஸ்லிம்கள் எல்லோரும் சோனகத் தெருவை இரண்டு மணித்தியாலத்தில் காலிசெய்யவேண்டும் என்றார்கள். நஜ்முன்னிஸா வட்டிலப்பத்தை அடுப்பில் அவியவிட்டபடி புத்தளத்துக்குப் போய் இருபது வருசம் இருந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் கம்பியும் நிலத்துக் கல்லும் இல்லை. சுவரில் இந்த நாட்காட்டி மட்டும் இருந்தது. எடுக்க வந்தவர்களால் அதைத் தூக்க முடியவில்லை. சம்சுதீனும் தூக்கிப் பார்த்தவர்தான். தொழிலில் அவர் தூக்காமல் விட்ட ஒரே சாமான் அது. நஜ்முன்னிஸாவால் மட்டும் முடிந்தது. அவருடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்ததை அன்றுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

அவர் படியில் கால் வைத்ததும் கட்டிடம் முனகியது. நிரோஜினிக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு சொல்லுங்கோ, அக்கா."

"விக்கிறதில்லை."

"வாடகைக்கு?"

"வாடகைக்கும் இல்லை. வைப்பிலை வைக்கிறன், நீங்க பாங்குதானே. வட்டி தாங்க."

"எத்தினை வீதம்?"

"வீதம் என்னத்துக்கு? எனக்கு நாள் வேணும். அண்டைக்கு மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் நாங்க எங்கட வீட்டிலை இருந்தம், அந்த நாளிலை பாதி கிடைச்சது. மிச்சம் அறுபத்திரண்டரை நாள் உதுக்குள்ளைதான் கிடக்கு."

"நாளுக்கு நான் எங்கை போறது அக்கா? என்னட்டைக் காசுதானே இருக்கு."

"வருசத்துக்கு உங்களுக்கு எவ்வளவு லீவு?"

வியாபாரி சம்சுதீன் அல்ல என்பது நிரோஜினிக்கு அப்போதுதான் உறைத்தது. வருசத்துக்கு ஒரு நாள் என்று நஜ்முன்னிஸா தொடங்கினார். முதலில் அந்த அரை நாளைத் தீர்க்கிறேன், பிறகு பார்ப்போம் என்றார் நிரோஜினி. அப்படியானால் நீங்கள் மட்டும் வந்தால் போதாது, கிளையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வரவேண்டும் என்றார் மற்றவர். எந்த நாள் என்று கணக்குப் பார்த்ததில் ஒக்ரோபர் முப்பது அந்த வருசம் தீபாவளிக்கு முதல்நாளாக வந்தது.

"ஐயோ அக்கா, அண்டைக்குத்தான் சனம் காசெடுக்க அள்ளுப்படும்! எவ்வளவு அலுவல் தெரியுமோ?"

"எங்களை அனுப்பேக்கை நாங்களும் அலுவலாத்தான் இருந்தம்."

அதிகாரியின் வான் வல்லைவெளியைத் தாண்டிவிட்டதாம் என்று மக்டலீன் மேலேயிருந்து கத்தினார். "ஓம் அக்கா" என்றார் நிரோஜினி. நஜ்முன்னிஸா உள்ளே போய், வட்டி வீத அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் நாட்காட்டியைக் கொழுவினார். களைத்துவந்த ஆள் கதிரையில் அமர்வதுபோல கட்டிடம் நிலத்தில் இறங்கி அமர்ந்தது. நாய்கள் தப்பிவிட்டன. மேசன் கட்டிய இரண்டு படிகளும் வாசலை விட்டு உயர்ந்து நின்றன, இறங்குவதற்கு இன்னும் இரண்டு படி வேண்டியிருந்தது.

கோபிசங்கர் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த இளைஞர், படுசுறுசுறுப்பு. கட்டுக் கட்டாக நிறுத்தார். எல்லாம் கழித்தல். முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. கொழும்பில் அவர் இதைவிட நம்பமுடியாத எண்களைப் பார்த்திருப்பார். போகிற நேரம் சுவரில் நாட்காட்டி சற்றுச் சரிந்திருப்பதைக் கண்டு நிமிர்த்தப் போனார், அது அசையவில்லை.

"இதென்ன, ஒக்ரோபரிலையே நிக்குது? கிழிச்சு விடட்டோ?"

"வேண்டாம்!" என்று முழுக் கிளையும் ஒரே குரலில் சொன்னது, வரிசையில் நின்ற மீன்காரர் உட்பட.

"உங்கட நாளெண்டால் கிழிங்க, தம்பி" என்றார் நஜ்முன்னிஸா.

தம்பி தன் நாட்களை எண்ணிப் பார்த்ததுபோல கையை எடுத்துவிட்டார். இதைக் கழிவில் சேர்ப்பதா என்று கேட்டார். இல்லை, இது வாடிக்கையாளரின் வைப்பு என்றார் நிரோஜினி. கோபிசங்கர் அறிக்கையில் ஒப்பமிட்டார். திரும்பும்போது அவர் தன் பயணப்பெட்டியை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு போனதை மக்டலீன் கண்டார். முருகன் ஒருவர் குறைவதைப் பற்றி யாரும் எங்கும் எழுதவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம், வங்கி பூட்டப்பட்டது. காசெடுக்க வந்தவர்கள் பேசிய பேச்சைச் சேர்த்து நிறுத்திருந்தால் கூட்டல் கணக்கில் பல கிலோ வந்திருக்கும். அலுவலர்கள் எல்லோரும், தர்சிகாவும் கேதீஸ்வரனும் உட்பட, சம்சுதீனின் லொறியில் ஒரு சாண் உயரத்தில் சோனகத் தெருவுக்குப் போனார்கள். லுஹர் முடிந்திருந்தது. வீட்டுக்குக் கூரை இருந்தது. கதவும் யன்னலும் நிலத்துக் கல்லும் இருந்தன. அடுப்பில் வட்டிலப்பம் இறக்குகிற பருவத்தில் இருந்தது. நஜ்முன்னிஸா நேரே போய் இறக்கினார். சம்சுதீன் முன்கதவைத் திறந்து திறந்து பூட்டிப் பார்த்தார். "பித்தளைப் பிணைச்சல். இப்ப கிலோ ரெண்டாயிரத்துக்குக் குறையாது" என்றார், பிறகு முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டார். தர்சிகா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தத் தெருவில் மட்டும் அன்று பொழுது சாய நேரமெடுத்தது. அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பு எல்லோரும் வெளியே வந்தார்கள், கூரை போயிற்று, மறுநாள் தீபாவளி. அடுத்த வேலைநாளில் நஜ்முன்னிஸா கிளைக்கு வந்து ஒக்ரோபர் முப்பதைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கட்டிடம் ஒரு நகத்தின் தடிப்புக்கு எழும்பியது. மேசன் வந்து அளந்து பார்த்து, இதற்குப் படி தேவையில்லை, ஒரு சாக்கு விரித்தால் போதும் என்றார். சாக்கு விரித்தார்கள்.

வருச முடிவுக் கணக்கு இப்படி நின்றது. வங்கியின் மற்றக் கிளைகளெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய கழிவு, கூட்டல் எண்ணாயிரத்து நானூறு கிலோ. நெல்லியடிக் கிளை, கழித்தல் எண்ணாயிரத்து நானூறு கிலோ. மீதி பூச்சியம், தலைமையகம் திருப்தி. முகாமையாளர் இடமாற்றம் இல்லை. வாளிகள் மூன்று, திரும்பி வரவில்லை. வைப்பு: நாட்காட்டி ஒன்று, நிறுவை பதியப்படவில்லை. செலுத்தியது அரை நாள். நிலுவை அறுபத்திரண்டு நாள்.